குழந்தைகளோடும் நாயோடும் மலைக்கு: முதல் கோடைப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

கோடை விடுமுறைக்கு மலைக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்த உடனேயே அடுத்த கேள்வியும் வந்துவிடும்: நாயை என்ன செய்வது? கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் திட்டத்தைப் பெரியவர்களுக்காகப் போட்டுவிட்டு, கடைசியில் குழந்தைகளையும் நாயையும் அதில் ஏற்றிக்கொண்டால் யாருக்கும் நிம்மதி இருக்காது. யாருடைய கால் சின்னது, யார் சீக்கிரம் களைப்பார்கள், வளைவுகளில் யாருக்கு முதலில் குமட்டும் என்று பார்த்து, அங்கிருந்து திட்டம் போட ஆரம்பியுங்கள். இடம், உயரம், நடை, உணவு எல்லாமே அந்த ஒரு கணக்கில்தான் வரும்.

சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஏற்கெனவே ஒரு நீளப் பட்டியல் எழுதி வைத்திருந்தால், அதில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். மீதிப் பாதியும் நடக்குமா என்பது அங்கே போனபிறகுதான் தெரியும்.

நாய் வரத்தான் வேண்டுமா?

முதலில் இதை நேர்மையாக யோசியுங்கள். பக், புல்டாக், பாக்ஸர், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குச் சமவெளியிலேயே மூச்சு வாங்கும். வெயிலில் மேடு ஏறவே கூடாது. மூட்டுவலி வந்த வயதான நாயைக் கூட்டிப் போகலாம், ஆனால் அது அறையைச் சுற்றி உலாவுவதற்குத்தான் லாயக்கு. குட்டிகளின் கதை வேறு. எலும்பு முனைகளில் வளர்ச்சி முடிய ஏறக்குறைய ஒரு வயதாகும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது வரைகூட ஆகும். அதுவரை நீண்ட நடையும் பாறையிலிருந்து குதிப்பதும் வேண்டாம். காரைக் கண்டாலே நடுங்குகிற நாய், புது ஆள் யாரைப் பார்த்தாலும் பாய்கிற நாய் என்றால், நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவதே அதற்குச் செய்கிற நன்மை.

கூட்டிப் போவதென்று முடிவானால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். கேட்க வேண்டியவை: ரேபிஸ் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்கிறதா, எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா (ஓடை, குட்டை என்று இறங்கப் போகிற நாய்க்கு இது முக்கியம்), உண்ணிக்கு என்ன மருந்து, பயணக் குமட்டலுக்கு என்ன கொடுக்கலாம். தடுப்பூசிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கைபேசியிலும் ஒரு படம் இருக்கட்டும். தங்குமிடத்தில் கேட்பார்கள், மாநிலமோ நாடோ மாறினால் எல்லையிலும் கேட்கலாம். கழுத்துப்பட்டைத் தகட்டில் பயணத்தின்போது உண்மையிலேயே எடுக்கப்போகிற கைபேசி எண் இருக்க வேண்டும். பூட்டிய வீட்டின் தரைவழித் தொலைபேசி எண் அங்கே இருந்து ஒரு பயனும் இல்லை.

எவ்வளவு உயரம்?

ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 38 டிகிரி கொளுத்தினால் 2000 மீட்டரில் 25 டிகிரி அளவில்தான் இருக்கும். கோடைக்கு இதுவே தாராளம். குளிர் போதவில்லை என்று இன்னும் மேலே போகிற ஆசை வந்தால், 2500 மீட்டர் என்ற கோட்டை நினைவில் வையுங்கள். அதற்கு மேல் இரவு தங்கும்போதுதான் மலைநோய் பெரும்பாலும் வரும். தலைவலி, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை ஆகியவை அதன் அறிகுறிகள். போய்ச் சேர்ந்து 6 முதல் 12 மணி நேரம் கழித்துத் தலைகாட்டும். பேச்சு வராத குழந்தை தலைவலிக்கிறது என்று சொல்லாது. காரணமில்லாமல் சிணுங்கும், சாப்பிடாது, விளையாடப் போகாது. புது உயரத்தில் குழந்தை அப்படி இருந்தால், வேறு காரணம் தெரியும்வரை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் கீழே இறங்கிவிடுங்கள். மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ நள்ளிரவானாலும் உடனே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய்க்கும் உயரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். துவண்டு கிடந்து சாப்பாட்டை மறுத்தால் அதே விதிதான்.

முதல் பயணத்துக்கு என் யோசனை 1000 முதல் 2000 மீட்டர் வரை. காற்று குளிர்ந்திருக்கும், உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, மருத்துவமனையும் கால்நடை மருத்துவரும் பெரும்பாலும் எட்டும் தூரத்தில் இருப்பார்கள்.

ஒரே இடத்தில் தங்குங்கள்

தினமும் ஓர் ஊர், தினமும் ஒரு விடுதி என்பது குழந்தைக்கும் ஒத்துவராது, நாய்க்கும் ஒத்துவராது. நாய்க்குப் புது இடத்தின் வாசனை பழகவே ஓரிரு நாள் பிடிக்கும். அது பழகுகிற நேரத்தில் நீங்கள் பெட்டியைக் கட்டினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். ஒரே வீட்டில் நான்கைந்து நாள் இருந்து, அங்கிருந்து அரை நாள் வெளியே போய்வருவதே நல்ல திட்டம்.

'நாய்க்கு அனுமதி உண்டு' என்ற ஒரு வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தொலைபேசியில் அழைத்து நேரடியாகக் கேளுங்கள். எவ்வளவு பெரிய நாய் வரை அனுமதி? அறைக்குள்ளேயா, வெளியே கூண்டிலா? சுற்றுச்சுவரோ வேலியோ இருக்கிறதா, அதில் இடைவெளி உண்டா? அங்கே வேறு நாய்கள் உண்டா, அவை அவிழ்த்து விடப்பட்டவையா? தனிக் கட்டணம் உண்டா? குழந்தைக்காகக் கேட்க வேண்டியதும் உண்டு: மாடியில், படிக்கட்டில், பால்கனியில் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் பின்பக்க பால்கனி பெரும்பாலும் பள்ளத்தைப் பார்த்து இருக்கும். காட்சி அருமைதான், மூன்று வயதுக் குழந்தை அங்கே இல்லாதவரை.

இன்னொன்று: நீங்கள் பார்க்க நினைக்கிற பூங்கா, சரணாலயம், நடைபாதை ஒவ்வொன்றிலும் நாயை விடுவார்களா என்று முன்பே விசாரியுங்கள். காட்டுயிர்களைக் காக்கும் பகுதிகளில் பெரும்பாலும் விடமாட்டார்கள், கயிற்றில் கட்டினால்கூட. வாசலில் போய் நின்ற பிறகு இது தெரிந்தால், ஒருவர் நாயோடு காரில் உட்கார வேண்டியதுதான். பார்த்தே ஆக வேண்டிய இடம் அப்படி ஒன்று இருந்தால் பெரியவர்கள் இரு அணியாகப் பிரிந்து முறை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் பயிற்சி

பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசி மூன்று நான்கு வாரங்கள் மாலையில் எல்லோரும் நாயோடு நடந்துவிட்டு வாருங்கள், மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டுங்கள். புதுக் காலணியை இந்த நடையிலேயே போட்டுப் பழக வேண்டும். கொப்புளம் வருவதானால் வீட்டுப் பக்கத்திலேயே வந்து தொலையட்டும். நாய் 'வா' என்றால் வர வேண்டும், 'விடு' என்றால் வாயில் இருப்பதைப் போட வேண்டும். மலையில் இந்த இரண்டு சொற்கள் போதும். கயிற்றை அவிழ்த்துவிடும் அளவுக்கு இந்த இரண்டும் உறுதிப்படாத நாயை மலையில் கயிற்றிலேயே வைத்திருங்கள். காரில் உட்காரும் பயிற்சியும் கொடுங்கள்: ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று.

மூட்டை

துணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடிமனான ஒரு உடையைவிட மெல்லியவை மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக நல்லது, ஏறும்போது கழற்றலாம், நின்றால் போடலாம். மழைக்கோட்டு கட்டாயம். உயரம் கூடக்கூட, ஏறக்குறைய 1000 மீட்டருக்கு 10 சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் அதிகரிக்கும்; குளிராக இருக்கிறதே என்று தொப்பியையும் சன்ஸ்கிரீனையும் மறந்தால் சாயங்காலம் குழந்தையின் மூக்கும் காதும் சிவந்துவிடும்.

நாயின் மூட்டையில் முதலில் போக வேண்டியது அது வீட்டில் படுக்கிற அதே விரிப்பு. துவைக்காமல் எடுத்துப் போங்கள், வாசனைதான் முக்கியம். வழக்கமான உணவை முழுப் பயணத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். உணவைத் திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், அறைக் கம்பளத்தில் அதைச் சுத்தம் செய்வது விடுமுறையின் பகுதியாக இருக்க வேண்டாம். கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் மலைக்கு ஏற்றது: இழுத்தால் தொண்டை இறுகாது, பாறையில் சறுக்கினால் முதுகுப் பிடியில் தூக்கிவிடலாம். கழிவை எடுக்கும் பைகள், மடக்குக் கிண்ணம், பழைய துண்டு இரண்டு.

முதலுதவிப் பெட்டி ஒன்றே போதும், ஆனால் மாத்திரைகள் தனித்தனியாக இருக்கட்டும். நமக்குக் கொடுக்கிற இபுப்ரோஃபென் நாய்க்கு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் உண்டாக்கும். நொண்டுகிறதே என்று பாவப்பட்டு ஒரு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியில் கூர்முனைச் சாமணம் ஒன்று வேண்டும், அதன் வேலை பிறகு வரும். ஒட்டிக்கொள்ளாத காயத் துணி, சுற்றுக்கட்டு, கிருமிநாசினி, குழந்தைக்கான காய்ச்சல் மருந்து, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம். நாயின் பாதம் கிழிந்தால் மாட்ட ஒரு பழைய சாக்ஸ்.

மலைச் சாலை

இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்குத்தான் பயணக் குமட்டல் அதிகம். காது 'அசைகிறோம்' என்கிறது, புத்தகத்தையோ கைபேசியையோ பார்க்கிற கண் 'அசையவில்லை' என்கிறது. இந்தக் குழப்பம்தான் வயிற்றைப் பிரட்டுகிறது. அதனால் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, முன்கண்ணாடி வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிட்ட வயிறும் ஆகாது. முகம் வெளுத்து, பேச்சு நின்று, கொட்டாவி வந்தால் அடுத்த அகலமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். வாந்திக்குப் பிறகு நிறுத்துவதைவிட அது எவ்வளவோ சுலபம்.

நாய்க்கும் குமட்டும். எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, நடுக்கம் ஆகியவை முன்னறிவிப்பு. கிளம்புவதற்கு ஆறேழு மணி நேரம் முன்பே அதற்கு உணவை முடித்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். கட்டாமல் பின்சீட்டில் உலவவிட வேண்டாம். திடீர் பிரேக்கில் அது முன்னால் வந்து விழும், குழந்தைமேலும் விழலாம். ஹார்னஸை சீட் பெல்ட்டோடு பிணைக்கும் பட்டையோ, கட்டிவைத்த கூண்டோ வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிக் காற்று வாங்குவது புகைப்படத்துக்கு அழகு, ஆனால் கண்ணில் தூசும் கல்லும் அடிக்கும்.

காது அடைப்பு ஏறும்போதைவிட இறங்கும்போது தொந்தரவு அதிகம். விழுங்கினால் திறந்துகொள்ளும்: பெரிய குழந்தைக்குத் தண்ணீர், கைக்குழந்தைக்குப் பால். சளியோடு இருக்கிற குழந்தைக்கு வலி கூடுதலாக இருக்கும், மெதுவாக இறங்குங்கள். இறக்கத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக்கூடாது, சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். தாழ்ந்த கியரில் போட்டால் என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நிறுத்துமிடத்தில் 'ஐந்து நிமிடம்தானே' என்று நாயையோ குழந்தையையோ மூடிய காரில் விட்டுப் போகாதீர்கள். வெளியே இதமான 24 டிகிரி இருக்கும்போதே காருக்குள் பத்து நிமிடத்தில் 34, அரை மணியில் 43 டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இராது.

முதல் நாள் எதுவும் செய்யாதீர்கள்

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, பெட்டியைத் திறக்கும் முன் நாயைக் கயிற்றோடு வளாகம் முழுக்க ஒரு சுற்று கூட்டிப் போவது. வேலியில் ஓட்டை, எலி விஷம் வைத்த மூலை, குப்பை கொட்டும் இடம் எல்லாம் அப்போதே கண்ணில் படும். அப்புறம் அறையில் அதன் விரிப்பைப் போட்டு, இது உன் இடம் என்று காட்டுங்கள். குழந்தைகள் அங்கே நாயைத் தொந்தரவு செய்யாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். களைத்த நாய் வழக்கத்தைவிடப் பொறுமை குறைந்தது. புது அறையில் அதைத் தனியாக விட்டுச் சாப்பிடப் போனால் குரைத்தே ஊரைக் கூட்டும், கதவையும் பிராண்டும். முதல் இரண்டு நாள் யாராவது ஒருவர் கூட இருங்கள்.

அன்றே கால்நடை மருத்துவர், அருகிலுள்ள மருத்துவமனை, விடுதிக்காரர் ஆகியோரின் எண்களைக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112 என்ற எண் பல நாடுகளில் வேலை செய்கிறது. போகிற இடத்தில் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மலையில் அழைப்பு போகாத இடத்தில்கூடச் சில சமயம் குறுஞ்செய்தி போய்விடும்.

நடை

எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதற்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. மீட்டர் அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் பாதை, 300 மீட்டர் ஏற்றம் என்றால் ஒன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. இது நல்ல உடல்வாகுள்ள பெரியவர் நிற்காமல் நடக்கிற கணக்கு. குழந்தைகள் கூட வந்தால் இரண்டால் பெருக்குங்கள். மூன்றரை மணி நேரம். ஒவ்வொரு கூழாங்கல்லையும் எடுத்துப் பார்க்கிற வயதென்றால் அதற்கு மேலும் ஆகும். அப்படிப் பார்ப்பதற்குத்தானே கூட்டி வந்தோம்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது உச்சியைவிடத் தண்ணீரைக் குறிவையுங்கள். உச்சியில் என்ன இருக்கிறது என்று குழந்தை கேட்டால் 'காட்சி' என்போம். அதற்கு அது வேண்டாம். ஓடை இருக்கிறது என்றால் வேகமாக நடக்கும். நாய்க்கும் அதே. போன வழியிலேயே திரும்பும் பாதைதான் புதியவர்களுக்கு நல்லது, எந்த இடத்தில் களைத்தாலும் திரும்பிவிடலாம். வட்டப் பாதையில் பாதிக்கு மேல் போய்விட்டால் மீதியை நடந்தே ஆக வேண்டும். முதுகில் சுமக்கும் கூடையில் கைக்குழந்தையை வைப்பதானால் அது தானாக உட்காரப் பழகியிருக்க வேண்டும், ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் பிறகு. ஒன்று கவனியுங்கள்: சுமக்கிற உங்களுக்கு வியர்க்கும், அசையாமல் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக் குளிரும். அடிக்கடி கால் விரல்களைத் தொட்டுப் பாருங்கள்.

கயிற்றை யார் பிடிப்பது என்பதில் வீட்டில் சண்டை வரும். சமதளத்தில் பெரிய குழந்தை பிடிக்கட்டும். இறக்கத்தில் பெரியவர்தான். காட்சி இப்படித்தான் நடக்கும்: பாதை சரிகிறது, சரளைக் கல், கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறான் பையன். கீழே புதரில் ஏதோ அசைகிறது. இருபது கிலோ நாய் பாய்ந்தால் இருபத்தைந்து கிலோ பையன் அதோடு போவான். சுற்று இருப்பதால் கையை விடவும் முடியாது. ஆகவே யார் பிடித்தாலும் கயிற்றை மணிக்கட்டில் சுற்றக் கூடாது, இடுப்பிலும் குழந்தையின் பையிலும் கட்டக் கூடாது.

நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும்தான், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். களைத்தாலும் நீங்கள் நடக்கிற வரை அதுவும் நடக்கும், போதும் என்று சொல்லாது. நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, ஈறு கடுஞ்சிவப்பாகி, கால் பின்னினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், அப்புறம் மருத்துவரிடம் போங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிடக் கூடாது, அது சூட்டை உள்ளேயே அடைக்கும். பாறையும் தாரும் காய்ந்திருக்கிறதா என்று புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. பத்து கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும், நடக்கிற நாளில் இன்னும் அதிகம். அதைக் குடும்பத் தண்ணீர்க் கணக்கோடு சேர்த்துத் தூக்குங்கள்.

ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் குழந்தைகளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைய உடையோடு, செருப்பின் அடிப்பாகத்தையும் சேர்த்து. யாராவது தொலைந்துவிட்டால் 'என்ன நிறச் சட்டை' என்ற கேள்விக்குப் பதறுகிற நேரத்தில் பதில் வராது. தேடுபவர்கள் காலடித் தடத்தை வைத்தும் தேடுவார்கள். நாயையும் ஒரு படம். ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் ஒரு விசில் இருக்கட்டும். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: வழி தெரியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார், மூன்று முறை விசில் ஊது, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊது. தேடிப் போகாதே, நாங்கள் வருவோம். தொலைந்ததற்குத் திட்டமாட்டோம் என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள். திட்டுக்குப் பயந்து ஒளிந்துகொள்கிற குழந்தைகள் உண்டு.

வானத்தைப் பாருங்கள்

கோடையில் மலையில் காலை தெளிவாக இருக்கும், பிற்பகலில் இடி இடிக்கும். சூடேறிய ஈரக்காற்று சரிவோடு மேலே ஏறி மேகமாவதுதான் காரணம். எனவே அதிகாலையில் கிளம்பி, நண்பகலுக்குள் மேட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். காலிஃப்ளவர் போல மேகம் மேல்நோக்கி வளர ஆரம்பித்தாலே திரும்பும் நேரம் வந்துவிட்டது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். முப்பது விநாடிக்குக் குறைவு என்றால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உங்களையும் எட்டும். கட்டடம் அல்லது மூடிய கார் மட்டுமே பாதுகாப்பு. தனி மரம், கூடாரம், குகை வாய் எதுவும் உதவாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகு வெளியே வரலாம். நாய்க்கு இடி என்றால் பயம், கயிற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடும். கழுத்துப்பட்டை, ஹார்னஸ் இரண்டிலும் கொக்கியை மாட்டுங்கள்.

மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் தண்ணீர் கூடும். தண்ணீர் கலங்கி, இலையும் குச்சியும் அடித்துவர ஆரம்பித்தால் குழந்தைகளைக் கரையேற்றிவிடுங்கள். அருவியின் தலைப்பகுதிக்கு மட்டும் யாரையும் விட வேண்டாம், பாசிப் பாறையில் நாய்க்கே கால் நிற்காது.

மற்ற உயிர்கள்

கன்றோடு மேயும் மாடுகள் நாயை ஓநாயாகத்தான் பார்க்கும். சுற்றிப் போங்கள். மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். அதன் கோபம் நாய்மேல்தான், நாய் ஓடித் தப்பித்துவிடும், கயிற்றோடு நின்றால் நீங்கள்தான் மிதிபடுவீர்கள். சிறுத்தை உள்ள மலை என்றால் இரவில் நாயை வெளியே கட்டவே கூடாது, இருட்டியபிறகு மலம் கழிக்க வைப்பதும் கயிற்றோடு, வெளிச்சத்தோடு, வாசல் பக்கத்திலேயே. குரங்குகள் உள்ள இடத்தில் குழந்தையின் கையில் தின்பண்டம் இருக்கக் கூடாது. எந்த விலங்கு கடித்தாலும் பிராண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்; கடிபட்ட குழந்தையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள், நாயையும் அப்படியே.

தினசரித் தொல்லை உண்ணிதான். புல்லிலும் புதரிலும் காத்திருந்து, உரசிப் போகிற காலில் தொற்றிக்கொள்ளும். மாலையில் திரும்பியதும் நாயை வெளிச்சத்தில் உட்கார வைத்து விரல் நுனியால் முடியை எதிர்த்திசையில் தடவுங்கள்: காதுக்குள், காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் நடு, கழுத்துப்பட்டைக்கு அடியில். எள்ளளவு மேடு தட்டுப்பட்டால் முடியை விலக்கிப் பாருங்கள். சாமணத்தைத் தோலை ஒட்டி வைத்து, உண்ணியின் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நேராக நிதானமாக இழுக்க வேண்டும். உடலைப் பிடித்து நசுக்கக் கூடாது. எண்ணெய் விடுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். உண்ணி தன் எச்சிலைக் காயத்துக்குள் கக்கிவிடும். பிறகு இடத்தைக் கிருமிநாசினியால் துடையுங்கள். அடுத்து குழந்தைகள்: முழங்கால் பின்புறம், தொப்புள், காதோரம், தலைமுடி ஓரம். குளிக்கும்போதே பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஈரக் காடு என்றால் அட்டை வரும். அதன் மெல்லிய முனையின் அடியில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் பிடியை விடும். நாயின் மூக்குக்குள் புகுந்துவிட்டால் மட்டும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

குழந்தைகளுக்காக நாம் கட்டும் நொறுக்குப் பையில் பாதி நாய்க்கு நஞ்சு. உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும், எவ்வளவு தின்றால் ஆகாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாக்லேட்டும் ஆகாது, கறுப்பு சாக்லேட் இன்னும் மோசம். சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும். வெங்காயம் எந்த வடிவத்திலும் கூடாது. குழந்தை அன்போடு தன் பங்கில் பாதியைக் கொடுக்கும் என்பதால், நாய்க்குக் கொடுக்கலாம் என்ற தின்பண்டத்தைத் தனி டப்பாவில் அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கொடுக்கிற ஆசையும் தீரும்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். கொதி வந்து ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், 2000 மீட்டரில் சுமார் 93 டிகிரி. அதனால் திறந்த பாத்திரத்தில் தானியமும் பயறும் வேகவில்லையே என்று சமைப்பவர்களைத் திட்டாதீர்கள், பிரஷர் குக்கரை எடுத்துப் போங்கள். தேங்கிய ஏரியில் பச்சை வண்ணம் கரைத்தது போல் நுரை படர்ந்திருந்தால் நாயை அதில் இறங்கவே விடக்கூடாது. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்தில் கொல்லும்.

நாள் முழுக்க மழை பெய்தால் பெய்யட்டும். சீட்டுக்கட்டு, வரைய நோட்டு, நாய்க்கு ஒளித்து வைத்த பண்டத்தைத் தேடும் விளையாட்டு என்று போய்விடும். நடந்த நாளுக்கு மறுநாள் எப்படியும் ஓய்வு வேண்டும்.

திரும்பிய பிறகு

வீட்டுக்குள் நுழையும் முன் பைகளையும் விரிப்புகளையும் வெளியே உதறிவிட்டு, துணிகளை வெந்நீரில் துவைக்கப் போடுங்கள். நாய்க்கு இன்னும் மூன்று நான்கு நாள் உண்ணிச் சோதனை தொடரட்டும். பாதங்களைப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் நடையைக் குறையுங்கள். அடுத்த ஒரு மாதத்தில் குழந்தைக்குக் காய்ச்சலோ தோலில் பரவும் சிவப்பு வட்டமோ வந்தால், அல்லது நாய் சாப்பிடாமல் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், மலைக்குப் போய்வந்ததையும் உண்ணி எடுத்ததையும் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர்கள் கேட்கத் தோன்றாமல் போகலாம்.